வானம் பார்க்கும் கன்று

கழுத்து முதுகுப் பக்கம் வளைந்து, நாலு காலும் விறைத்து, வாயோரம் நுரையோடு கிடக்கும் கன்றைப் பார்க்க எந்த வீட்டுக் கட்டுத்தரைக்குப் போனாலும் நான் சொல்லும் முதல் வார்த்தை, "கையை எடுங்க" என்பதுதான். யாராவது ஒருவர் கன்றின் வாய்க்குள் முழங்கை வரை விட்டுத் துழாவிக்கொண்டிருப்பார். கன்று விழுங்கவில்லை, எச்சில் ஒழுகுகிறது என்றால் தொண்டையில் எதுவோ அடைத்திருக்கிறது என்பது நாமக்கல், ராசிபுரம் வட்டாரத்தில் நான் கால்நடை மருத்துவனாக வேலை பார்த்த ஊர்களிலெல்லாம் பொதுவான முடிவு. மாங்கொட்டை, கிழங்குத் துண்டு, பாலிதீன் பை என்று சந்தேகப்பட நியாயமான பொருள்களும் அங்கே உண்டு. ஆனால் விழுங்க முடியாத கன்றுக்கு வெறிநோய் இல்லை என்று அந்த நிமிடத்தில் யாராலும் சொல்ல முடியாது.

அதனால் கையுறை மாட்டிக்கொண்டுதான் கன்றைத் தொடுவேன். தொடுவதற்கு முன்பே கேள்விகளைத் தொடங்கிவிடுவேன். கடந்த சில மாதங்களில் தெருநாய் தொந்தரவு உண்டா, பக்கத்துத் தோட்டத்தில் மாடோ ஆடோ காரணம் தெரியாமல் செத்ததா, கன்றின் கத்தலில் கரகரப்பு இருக்கிறதா, பின்னங்கால் முதலில் தளர்ந்ததா, சும்மா சும்மா முக்குகிறதா? வெறிநோய்க் கன்று நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டே போகும், ஏறி இறங்காது. அறிகுறி தெரிந்த நாளிலிருந்து பெரும்பாலும் பத்து நாள் தாண்டாது. சந்தேகம் வலுவாக இருந்தால், வாயில் கைவிட்டவர்கள் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். அரசு மருத்துவமனையில் 0, 3, 7, 28 என்ற நாள் கணக்கில் தோலுக்குள் போடும் தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். "எனக்கொண்ணும் ஆகாதுங்க" என்று சிரிப்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. வீட்டுப் பெண்களிடம் சொல்லிவிடுவேன். வேலை நடந்துவிடும்.

அடுத்த சண்டை எண்ணெயோடு. மஞ்சளும் நல்லெண்ணெயும் கலந்து மூங்கில் குழாயில் ஊற்றிப் புகட்டுவது நம் பக்கத்துப் பழைய முதலுதவி. விழுங்கத் தெரிந்த மாட்டுக்கு அது கெடுதல் செய்யாமல் போகலாம். மூளை கலங்கிய கன்றுக்கு இருமலும் விழுங்கலும் மந்தமாகியிருக்கும். ஊற்றியதில் பாதி நுரையீரலுக்குப் போகும். மூளை நோயிலிருந்து மீண்ட கன்று நாலாம் நாள் நிமோனியாவில் போவதைப் பார்ப்பதைப் போல வயிற்றெரிச்சல் வேறில்லை. சூடு போடுகிறவர்கள், வேப்பிலை அடிக்கிறவர்கள்மேல்கூட எனக்கு அவ்வளவு கோபம் வராது. வேப்பிலை நுரையீரலுக்குள் போவதில்லை.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் மருத்துவம். கன்றின் மூளை நோயை வயதை வைத்தே பாதி வடிகட்டிவிடலாம். பிறந்த அன்றே தலை நடுங்கி, காலை அகட்டி நிற்கும் கன்று, சிறுமூளை சரியாக வளராமல் பிறந்தது. அதற்குப் புத்தி தெளிவாக இருக்கும். மடியைத் தேடி வரும். காம்பு வாய்க்கு எட்டும் சமயத்தில் தலை ஆடி விலகிவிடும். தாய் சினையாக இருந்தபோது கண்ட வைரஸ் கழிச்சல் நோய் அதற்கு ஒரு காரணம். மருந்து கிடையாது. பொறுமையாகப் பாட்டிலில் புகட்டினால் லேசான பாதிப்புள்ளவை ஓரளவு பழகிக்கொள்ளும். இரண்டு மூன்று வாரக் கன்று பேதியானபோதே கள் குடித்தவன் நடையில் தள்ளாடினால், செரிக்காத பாலைக் குடலில் உள்ள கிருமிகள் புளிக்கவைத்து உண்டாக்கிய ஒருவகை லாக்டிக் அமிலம் மூளைக்கு ஏறியிருக்கிறது. இமையைத் தொட்டால் மெதுவாகச் சிமிட்டும். சோடியம் பைகார்பனேட்டை நரம்பில் ஏற்றினால் சில மணி நேரத்தில் எழுந்து நிற்கும். இந்தத் தொழிலில் டாக்டருக்குக் கைராசிக்காரர் என்று பேர் வாங்கித் தரும் நோய் அது. அதைப் பற்றி இதற்குமேல் பெருமை பேச ஒன்றுமில்லை.

முதல் இரண்டு வாரத்தில் வரும் மூளை உறைக் காய்ச்சல்தான் என்னை மிகவும் தோற்கடித்த நோய். கன்று பால் குடிக்க மறுக்கும். காய்ச்சல் அடிக்கும். கழுத்தைக் கீழே மடக்கப் பார்த்தால் மரக்கட்டையாக எதிர்க்கும். கதவு சாத்தும் சத்தத்துக்குக்கூட உடம்பு தூக்கிப்போடும். கீழே குனிந்து தொப்புளைப் பார்த்தால் பெரும்பாலும் அங்கே வீக்கமும் சீழும் இருக்கும். முழங்காலோ கணுக்காலோ கனத்திருக்கும். இடுப்பெலும்புகளுக்கு நடுவே ஊசி செலுத்தித் தண்டுவட நீரை எடுத்தால் நோய் கையில் கிடைத்துவிடும். நல்ல கன்றின் நீர் குடிநீராகத் தெளிந்திருக்கும். உறைக் காய்ச்சலில் கலங்கி வரும். மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின் ஊசியும், வீக்கம் குறைக்கும் மருந்தும், இழுப்பு வந்தால் டயசபாமும் என்று எல்லாம் கொடுத்தும், இரண்டு நாள் கழித்து வந்த கன்றில் பிழைப்பது அபூர்வம்.

இத்தனைக்கும் இந்த நோயின் வேர் மூளையில் இல்லை, சீம்பாலில் இருக்கிறது. கன்று தாய் வயிற்றிலிருந்து எதிர்ப்புச் சக்தி எதையும் கொண்டுவருவதில்லை. மாட்டின் நஞ்சுக்கொடி அதை உள்ளே விடாது. எல்லாம் சீம்பால் வழியாகத்தான் வர வேண்டும். அதைக் குடல் அப்படியே உறிஞ்சுவதும் முதல் சில மணி நேரத்தில்தான் நன்றாக நடக்கும். ஒரு நாள் முடிந்தால் கதவு சாத்திக்கொள்ளும். இருபத்தைந்து கிலோ கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை லிட்டராவது உள்ளே போக வேண்டும், அதில் பெரும்பங்கு முதல் ஆறு மணி நேரத்தில். எங்கள் பக்கத்தில் என்ன நடக்கும்? நஞ்சுக்கொடி விழுகிறவரை காம்பில் வாய் வைக்க விடமாட்டார்கள். கன்று சீம்பால் குடித்தால் கொடி தங்கிவிடும் என்ற நம்பிக்கை. உண்மையில் கன்று ஊட்டும்போது சுரக்கும் ஆக்சிடோசின் கருப்பையைச் சுருங்க வைக்கும். கொடி விழ உதவுமே ஒழிய கெடுக்காது. இராத்திரி ஈன்ற மாட்டுக்குக் கொடி காலையில் விழும். அதற்குப் பிறகு கறந்த சீம்பாலில் பாதி வெல்லம் போட்டுக் கிண்டிப் பக்கத்து வீடுகளுக்குப் போகும். எனக்கும் ஒரு கிண்ணம் வரும். நான் சாப்பிடாமல் இருந்ததில்லை, பேசாமல் இருந்ததுமில்லை.

வயது மூன்று மாதத்தைத் தாண்டிவிட்டால் கணக்கே வேறு. இப்போது கன்றுக்கு அசைபோடும் வயிறு வேலை செய்யத் தொடங்கியிருக்கிறது. இனி அது தின்றதுதான் அதன் மூளையைக் கெடுக்கும். இந்த வயதுக் கன்று பார்வை இல்லாமல் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறது என்று யாராவது போன் செய்தால், நான் ஊசிப் பெட்டியைவிடக் கண்ணைத்தான் நம்புவேன். கன்றின் கண்ணை.

இரண்டே சோதனை. ஒன்று, விரித்த கையைக் கண்ணை நோக்கிச் சட்டென்று கொண்டுபோவது. பார்வையுள்ள கன்று சிமிட்டும், தலையை இழுக்கும். (பிறந்த முதல் வாரத்துக் கன்று பார்வை இருந்தும் சிமிட்டாது, இது பழகிக் கற்றுக்கொள்ளும் செயல்.) கை விசிறிய காற்று கண்ணில் படக்கூடாது. பட்டால் குருட்டுக் கண்ணும் சிமிட்டும், அது தொடு உணர்ச்சி. அதேபோல் இமையோரத்தை விரலால் தொட்டுச் சிமிட்டுகிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். முக நரம்பு விழுந்திருந்தால் பார்வையுள்ள கன்றும் குருடாகத் தெரியும். இரண்டாவது சோதனை வெளிச்சம். முன்பு சட்டைப் பையில் பேனா டார்ச் வைத்திருப்பேன், இப்போது செல்போன் போதும். கன்றை நிழலுக்குக் கொண்டுபோய்க் கண்ணில் வெளிச்சம் அடித்தால் பாவை சுருங்க வேண்டும்.

இந்த இரண்டின் பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நோய் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். வெளிச்சத்துக்குப் பாவை சுருங்குவதற்குப் பெருமூளையின் தயவு தேவையில்லை. கண்ணிலிருந்து பார்வை நரம்பு வழியாக நடுமூளை வரை போய்த் திரும்பிவிடும். பார்ப்பதற்குத்தான் செய்தி பெருமூளையின் மேற்பரப்பு வரை போக வேண்டும். ஆகவே கைக்குச் சிமிட்டாமல் வெளிச்சத்துக்கு மட்டும் பாவை சுருங்கினால் கண்ணும் நரம்பும் நன்றாக இருக்கின்றன, பெருமூளை கெட்டிருக்கிறது. இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் பாதையின் முற்பகுதியிலேயே, பெரும்பாலும் நரம்பில், கோளாறு. ஸ்கேன் இல்லாத கட்டுத்தரையில் இவ்வளவு சொல்லும் கருவி வேறெதுவும் எனக்குக் கிடைத்ததில்லை.

நரம்புக் கோளாறை நான் அதிகம் பார்த்தது 2017 கோடையில். முந்தைய ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்து, ஜனவரியில் தமிழகம் முழுவதையும் வறட்சி மாநிலமாக அரசு அறிவித்திருந்தது. பச்சை என்ற நிறமே தீவனத்தில் இல்லை. வைக்கோலும் காய்ந்த சோளத்தட்டும் மட்டுமே தின்று வளர்ந்த கன்றுகள் சாயங்காலமானால் தொட்டியில் இடித்துக்கொள்ளும். பிறகு பகலிலும் இடிக்கும். கண் அகல விரிந்து, வெளிச்சத்துக்கு அசையாமல் நிற்கும். அவிழ்த்து விட்டால் நாலடி ஓடி இழுப்பு வந்து விழுந்து, ஒரு நிமிடத்தில் ஒன்றும் நடக்காத மாதிரி எழும். வைட்டமின் ஏ குறை. கன்று பிறக்கும்போது ஈரலில் அந்தச் சத்துச் சேமிப்பு மிகக் குறைவு. சீம்பாலிலும் பச்சைத் தீவனத்திலும்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும். அது இல்லாதபோது மூளையைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தம் ஏறுகிறது. வளரும் மண்டையில் பார்வை நரம்பு வெளியே வரும் எலும்புத் துளை குறுகி நரம்பை நெரிக்கிறது. கிலோவுக்கு 440 அலகு என்ற கணக்கில் வைட்டமின் ஏ ஊசி போட்டால் இழுப்பு இரண்டு மூன்று நாளில் நின்றுவிடும். மாலைக்கண்ணும் தெளியும். நெரிபட்ட நரம்பு மட்டும் திரும்பாது. அதை நேராகச் சொல்லிவிடுவதுதான் நல்லது. பார்வை வருமென்று காத்திருந்து தீவனம் போட்டுக் கடன்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொரு பதில், அதாவது கைக்குச் சிமிட்டாமல் வெளிச்சத்துக்குச் சுருங்கும் கண், எங்கள் பகுதியில் பெரும்பாலும் திப்பித் தொட்டிக்குக் கூட்டிப்போகும்.

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் ஜவ்வரிசி ஆலைகள் நிறைய. குச்சிக்கிழங்கை அரைத்து மாவை எடுத்த பிறகு மிஞ்சும் சக்கைதான் திப்பி. சக்கை என்று பேர்தான். காய்ந்த திப்பியில் பாதியளவு மாவுச்சத்து இன்னும் இருக்கும். மலிவு. ஆலையில் வேலை பார்க்கும் உறவினர் இருந்தால் இன்னும் மலிவு. அப்படி ஒரு வீட்டில் ஐந்து மாத ஜெர்சிக் கலப்புக் கிடேரி ஒன்று, எழுபது கிலோ இருக்கும், பக்கவாட்டில் விழுந்து கிடந்தது. அதை வளர்த்தது ஒரு நடுத்தர வயதுப் பெண்.

"ஏனுங்க டாக்டர், முந்தாநேத்து தீவனம் எடுக்கலைங்க. நேத்துச் செவுத்துல தலைய முட்டிக்கிட்டு நின்னுச்சு, கண்ணு தெரியாதாட்டம். இன்னைக்கு இப்படிங்க. யாரோ கண்ணு வெச்சுட்டாங்களாட்டம் இருக்குதுங்க."

"தீவனம் என்ன போட்டீங்க அக்கா?"

"எப்பவும் போடறதுதானுங்க."

எப்பவும் போடுவது என்ற பதிலை ஏற்றுக்கொண்டு எழுந்துவிடக்கூடாது. தொட்டியைப் போய்ப் பார்க்க வேண்டும். தொட்டியின் அடியில் புளித்த திப்பி ஒட்டியிருந்தது. வண்டி லோடு இறங்கியது போன வாரம்தான்; கன்று ஆசையாகத் தின்கிறதென்று தினமும் ஒரு கூடை. காய்ச்சல் இல்லை. விலாவை அழுத்தினால் வயிற்றில் தண்ணீர் அலம்பும் சத்தம். குழாய் விட்டு எடுத்த வயிற்று நீரில் நனைத்த காகிதம் ஐந்தரைக்குக் கீழே காட்டியது. நல்ல வயிற்றில் ஆறு, ஏழுக்குள் இருக்க வேண்டும். கைக்குச் சிமிட்டவில்லை. வெளிச்சத்துக்குப் பாவை சுருங்கியது. அந்தப் பாவையின் கிடப்பிலும் ஒரு செய்தி இருந்தது. மாட்டின் பாவை வட்டமானதல்ல, கிடைமட்டமாக நீண்டது. அது சாய்ந்தால் பளிச்சென்று தெரியும். இந்தக் கிடேரிக்கு விழி மேலும் உள்ளுமாகத் திரும்பி, பாவை சரிந்து நின்றது. மூளை வீங்கியிருக்கிறது.

இந்த நோய்க்குத் தமிழில் வழக்குப்பேர் இல்லை. பெருமூளையின் சாம்பல் படலம் மென்மையாகிச் சாகும் நோய் என்று விளக்கலாம். 1950-களில் அமெரிக்காவின் கொலராடோ பகுதியில் மாடுகளிடமும் ஆடுகளிடமும் கண்டு எழுதினார்கள். காரணம் ஒன்றல்ல. பெரும்பாலான காரணங்கள் போய்ச் சேரும் இடம் தயமின், அதாவது வைட்டமின் பி1. மாடு இந்தச் சத்தைத் தீவனத்தில் தேட வேண்டியதில்லை. அசைபோடும் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்களே செய்து தரும். மாவுச்சத்து திடீரென்று கொட்டினால் வயிறு புளித்து, தயமினைச் செய்கிறவை குறைந்து, அதை உடைக்கும் நொதியைச் சுரக்கும் கிருமிகள் பெருகிவிடும். மூளை சர்க்கரையை எரிக்கத் தயமின் இல்லாமல் முடியாது. எரிபொருள் இருந்தும் அடுப்பு பற்றாத நிலை. கல்யாண வீட்டு மிச்சச் சோற்றைத் தின்ற கன்றுக்கும் இதே கதைதான். முகூர்த்த மாதங்களில் எனக்கு வேலை கூடும். கந்தகம் அதிகமுள்ள தண்ணீராலும் கரும்புப் பாகுக் கழிவாலும்கூட இது வரும். அங்கே தயமின் குறையாமலேயே மூளை கெடுவதுண்டு.

மருந்து சாதாரணம். அளவுதான் தவறும். கிலோவுக்குக் குறைந்தது பத்து மில்லிகிராம் தயமின், எழுபது கிலோவுக்கு எழுநூறு. கன்று சுணங்கினால் பி-காம்ப்ளக்ஸ் ஊசி போடுவது எல்லா ஊரிலும் வழக்கம். ஆனால் பல கலவைகளில் மில்லிக்கு எவ்வளவு தயமின் என்று குப்பியைத் திருப்பிப் படித்தால், ஐந்து மில்லி போட்டுவிட்டு நிம்மதியடைவது எவ்வளவு வீண் என்பது தெரியும். மனிதர்களுக்கான மருந்துக் கடையில் தனித் தயமின் ஊசி கிடைக்கும். முதல் அளவை உப்பு நீரில் கலந்து நரம்பில் மெதுவாக ஏற்ற வேண்டும்; வேகமாக ஏற்றினால் கன்று அங்கேயே சுருண்டு விழக்கூடும். பிறகு ஆறு, எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தசையில், மூன்று நாள். மூளை வீக்கத்துக்கு டெக்ஸாமெதசோன். வயிற்றுப் புளிப்புக்கு ஆப்ப சோடாவைக் கரைத்துக் குழாய் வழியாக, நேரே வயிற்றுக்கு. அந்தக் கிடேரியை நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி, இரண்டு பக்கமும் வைக்கோல் மூட்டை முட்டுக் கொடுத்தோம். பக்கவாட்டில் விட்டால் வயிறு உப்பியே செத்துவிடும்.

அடுத்த நாள் காலையில் கழுத்து தளர்ந்திருந்தது. தூக்கி நிறுத்தினால் நின்றது. பார்வை மட்டும் இல்லை. பார்வைதான் கடைசியில் வரும் என்று முன்பே சொல்லி வைத்திருந்தேன். வாளியை மூக்குக்குக் கீழே கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னேன், இடம் மாற்றிக் கட்ட வேண்டாமென்றேன். சில நாள் கழித்து அந்த அக்கா போன் செய்து, "வைக்கோல் போரைப் பாத்துக் கயித்தை இழுக்குதுங்க" என்றார். வெளிச்சமும் கையும் தேவைப்படாத சோதனை அது.

நம் ஊர் ஆய்வகங்களில் தயமின் அளவைப் பார்த்து உறுதி செய்துகொண்டு மருந்து தொடங்குவதென்றால் கன்று காத்திருக்காது. ஊசி போடு, ஒரு நாளில் தேறினால் இதுதான் என்பது நடைமுறை. அதில் ஒரு பள்ளம் உண்டு. ஈய நஞ்சும் இதே மாதிரிக் குருடாக்கும். தயமினுக்கு அதுவும் ஓரளவு தேறும். ஆகவே தேறிவிட்டதே என்று கண்டுபிடிப்பை முடித்துக்கொள்ளக்கூடாது. கன்று கட்டும் இடத்தைச் சுற்றிப் பழைய பேட்டரித் தகடு, உரித்துப் போட்ட பெயின்ட் எதுவும் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். கன்றுக்கு எதையும் நக்கும் புத்தி. ஈயம் இனிக்கும் என்றும் சொல்வார்கள். ஈயம் தின்ற கன்று பல்லைக் கடித்து மெல்லும், முகமும் காதும் துடிக்கும், கத்தும். வயிறு அடியோடு நின்றுவிடும். ஈயத்தைக் கட்டி வெளியேற்றும் ஊசி கிராமத்தில் கிடைப்பதரிது. எப்சம் உப்பு கிடைக்கும். வயிற்றுக்குள் இருக்கும் ஈயத்தைக் கரையாத உப்பாக மாற்றிச் சாணத்தோடு அனுப்பிவிடும். அந்தக் கட்டுத்தரையில் பால் கறக்கும் மாடும் அதே குப்பையை நக்கியிருந்தால், பாலையும் யோசிக்க வேண்டும்.

நாமக்கல்லில் இருந்துகொண்டு தயமினைப் பற்றி எழுதுகிறவன் கோழியை விட்டுவிட முடியாது. தயமின் குறைந்த கோழிக்குஞ்சும் இந்தக் கன்று மாதிரியே தலையை முதுகில் சாய்த்து வானம் பார்க்கும். பண்ணைக்காரர்கள் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள். இந்தச் சத்தின் கதையே கோழியில்தான் தொடங்கியது. 1890-களில் ஜாவாவில் கிறிஸ்டியான் எய்க்மான் என்ற டச்சு மருத்துவர், ராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றைத் தின்ற கோழிகள் கால் விழுந்து சாய்வதைக் கவனித்தார். புதிதாக வந்த சமையல்காரர் ராணுவ அரிசியைக் கோழிக்குப் போட மாட்டேனென்று நிறுத்தியதும் கோழிகள் எழுந்துவிட்டன. 1926-ல் அதே ஜாவாவில் அரிசித் தவிட்டிலிருந்து அந்தச் சத்தைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். எய்க்மானுக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் சமையல்காரருக்கு என்ன கிடைத்ததென்று எங்கும் படித்ததில்லை.

கோழி இன்னொரு வகையிலும் கன்றுக்குத் தொந்தரவு தரும். கோழிகளின் ரத்தக் கழிச்சலுக்குக் கொடுக்கும் ஆம்ப்ரோலியம் தூள், உருவத்தில் தயமினைப் போலவே இருப்பது. ஒட்டுண்ணியை அப்படித்தான் ஏமாற்றிப் பட்டினி போடுகிறது. கன்றுகளின் ரத்தக் கழிச்சலுக்கும் சரியான அளவில், ஐந்து நாளைக்கு, அது நல்ல மருந்துதான். ஆனால் பண்ணை வைத்திருப்பவர் வீட்டில் தூள் மூட்டையாகக் கிடக்கும். கை அளவுக்கு அள்ளிப் போட்டு வாரக்கணக்கில் கொடுத்தால் கன்றின் தயமினும் போய்விடும். அதனால் "வேற மருந்து எதுவும் குடுத்தீங்களா" என்று மட்டும் கேட்பதில்லை. "கோழி மருந்து எதுவும் குடுத்தீங்களா" என்று தனியாகக் கேட்பேன். முதல் கேள்விக்கு இல்லை என்றவர்கள் இரண்டாவதற்கு ஆமாம் என்பார்கள். அவர்களுக்கு அது மருந்துக் கணக்கில் வராது.

எல்லாம் செய்தும் செத்துப்போகும் கன்றின் மண்டையைத் திறக்க வேண்டிய சமயங்களும் உண்டு. வெறிநோய்ச் சந்தேகத்துக்கு இடமிருந்தால் கட்டுத்தரையில் மண்டையைத் திறப்பதே இல்லை. தலையைப் பனிக்கட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவதோடு சரி. சந்தேகம் நீங்கியவற்றில், கல்லூரிப் பிணப்பரிசோதனைக் கூடத்தில், தயமின் குறையால் செத்த மூளையை அறுத்து 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கின் கீழே பிடித்தால், அறுத்த முகத்தில் சாம்பல் படலம் செத்த இடங்கள் மட்டும் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். கள்ள நோட்டுப் பார்க்கக் கடைகளில் வைத்திருக்கும் விளக்கும் ஏறக்குறைய இதே சாதிதான். ஒளிராததால் நோய் இல்லை என்றாகாது. நோயின் தொடக்கத்தில் செத்த மூளை ஒளிராமலும் இருக்கும். மாணவர்களுக்கு நான் அந்த ஒளியைக் காட்டுவேன், அடுத்த முறை அதைப் பார்க்க நேரக்கூடாது என்பதற்காக.

திப்பியைப் போடவே வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. சொன்னால் கேட்கமாட்டார்கள், கேட்பதும் நியாயமில்லை, மலிவுத் தீவனத்தில்தான் இரண்டு மாட்டுக் குடும்பம் பிழைக்கிறது. அந்தக் கிடேரி தேறிய வீட்டிலேயே இன்னும் இரண்டு கன்றுகள் இருந்தன. அவற்றின் கண்ணையும் பார்த்தேன், சரியாக இருந்தது. முன்னெச்சரிக்கையாக அவற்றுக்கும் தயமின் போட்டுவிட்டு, ஒரு வாரத்துக்குத் திப்பியை நிறுத்தி, சோளத்தட்டும் வேலிமசாலும் போடச் சொன்னேன். பிறகு காயவைத்த திப்பியைக் கைப்பிடி கைப்பிடியாகக் கூட்டலாம், தட்டு தின்ற பிறகுதான் போட வேண்டும், புளித்ததைத் தொடவே கூடாது என்றேன்.

"காயப்போட்டா கோழி கிளறுதுங்க" என்றார் அந்த அக்கா.

"வலை போடுங்க."

"வலைக்கு ஆகற காசுக்கு ஒரு மூட்டை தவுடே வாங்கிரலாமுங்களே."

தவிடே வாங்கச் சொன்னேன். தயமின் அதில்தான் இருக்கிறது. அதையும் அளவோடு.